செத்த பிறகுதான் சம்பளக் கணக்கா?

முகத்தைப் பார்த்து மணமுடிக்கிறோம், குணத்தைப் பாராட்டி மேடையில் பேசுகிறோம். அவள் உழைப்பை மட்டும் யார் கணக்கில் எழுதுவது?

மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் ஓர் அறை. மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டு வழக்குகளை விசாரிக்கும் தீர்ப்பாயம் அது. லாரி மோதி மனைவியைப் பறிகொடுத்தவர் சாட்சிக் கூண்டில் நிற்கிறார். இன்சூரன்ஸ் கம்பெனி வக்கீல் எழுந்து குறுக்கு விசாரணையைத் தொடங்குகிறார்.

“உங்க மனைவி என்ன வேலை பார்த்தாங்க?”

“வேலைக்குப் போகலீங்க. வீட்லதான் இருந்தாங்க.”

“அப்போ அவங்களுக்கு வருமானம்னு எதுவும் கிடையாது?”

“கிடையாதுங்க.”

வக்கீல் உட்கார்ந்துவிடுகிறார். அவருக்கு வேண்டியது கிடைத்துவிட்டது. கூண்டில் நிற்பவர் பொய் சொல்லவில்லை. ஆனால், தன் வீட்டை இத்தனை வருடம் தாங்கிய உழைப்பின் மதிப்பை அந்த ஒரே வார்த்தையில் தானே குறைத்துவிட்டோம் என்பது அவருக்குத் தெரியாது. ஊருக்கு ஊர் வழக்கு எண் மாறும். இந்தக் கேள்வியும் பதிலும் அநேகமாக மாறுவதில்லை.

சம்பளம் இல்லாமல் வீட்டைப் பார்த்துக்கொள்ளும் ஒரு பெண்ணின் வேலைக்கு இந்த நாட்டில் அதிகாரபூர்வமாக ரூபாயில் மதிப்புப் போடும் இடம் உண்டென்றால், அது பெரும்பாலும் இந்த அறைதான். அதுவும் அவர் உயிரோடு இல்லாதபோது!

அழகுக்கு அப்புறம் என்ன?

பெண் பார்க்கப் போகும்போது நாம் எதை எடைபோடுகிறோம் என்பதில் ஒளிவுமறைவே இல்லை. “பொண்ணு நல்ல கலரா?”, “மூக்கும் முழியுமா இருக்காளா?”, “மாப்பிள்ளை உயரத்துக்குச் சரியா இருப்பாளா?” இந்தக் கேள்விகளுக்கு எதிராக நிறையப் பேசிவிட்டோம். நிறத்தை வைத்துப் பெண்ணை மதிப்பிடாதீர்கள் என்ற குரல் இன்று வீட்டுக்கு வீடு கேட்கிறது. நல்ல மாற்றம்தான்.

ஆனால், தோற்றத்தைத் தாண்டி ஒரு பெண்ணிடம் சமூகம் எதைப் பார்க்கிறது? சமைக்கத் தெரியுமா, அனுசரித்துப் போவாளா, மாமியாரை எதிர்த்துப் பேசாமல் இருப்பாளா, ஒரு வருடத்துக்குள் குழந்தை பெற்றாளா... இதுதான் அடுத்த பட்டியல். இதில் தேறியவளுக்குப் ‘பொறுமைசாலி’, ‘குடும்பக் குத்துவிளக்கு’, ‘தெய்வம்’ என்று பட்டங்கள் கிடைக்கின்றன. தெய்வம் என்று சொல்லிவிட்டால், கூலியைப் பற்றியோ பங்கைப் பற்றியோ பேச வேண்டிய அவசியம் இல்லாமல் போகிறது. தோற்றத்தை வைத்து எடைபோடுவது அநியாயம் என்றால், உழைப்பை எடையே போடாமல் விடுவது அதைவிடப் பெரிய அநியாயம்.

‘சும்மா’ இருப்பவரின் ஒரு காலை

காலை 5 மணி. நேற்று ஆட்டி வைத்த மாவு பொங்கியிருக்கிறதா என்று மூடியைத் திறந்து பார்ப்பதில் நாள் தொடங்குகிறது. தெருக்குழாயில் தண்ணீர் வந்து நிற்பதற்குள் குடங்களும் டிரம்மும் நிரம்ப வேண்டும். வாசல் தெளித்துக் கோலம் போட்டு உள்ளே வந்தால், ஓர் அடுப்பில் இட்லிப் பானை, இன்னோர் அடுப்பில் குக்கர். சர்க்கரை நோய் இருக்கும் மாமனாருக்குச் சாப்பாட்டுக்கு முன் போட வேண்டிய மாத்திரை தனி, பின் போட வேண்டியது தனி. பெரியவனுக்கு மூன்றடுக்கு டிபன் கேரியர், சின்னவளுக்குக் காரம் இல்லாத தயிர் சாதம். வேன் ஹாரன் அடிப்பதற்குள் ரெட்டை ஜடை பின்னி, ஹோம்வொர்க் டைரியில் கையெழுத்துப் போட்டாக வேண்டும்.

கை இதையெல்லாம் செய்துகொண்டிருக்கும்போதே தலைக்குள் இன்னொரு கணக்கு ஓடுகிறது. காஸ் இன்னும் எத்தனை நாள் தாங்கும், ரேஷனில் பருப்பு எந்தத் தேதியில் போடுவார்கள், மாமனாரை எப்போது ரத்தப் பரிசோதனைக்கு அழைத்துப் போக வேண்டும், சீட்டுப் பணம் கட்ட இந்த மாதம் எதைக் குறைப்பது? ஓர் அலுவலகத்தில் இதே வேலைக்கு மேலாளர் என்று பெயர். அதற்குச் சம்பளமும் உண்டு. வீட்டில் இதைச் செய்பவரிடம் “என்ன பண்றீங்க?” என்று கேட்டால், “சும்மாதான் இருக்கேன்” என்ற பதிலை அவரே சொல்கிறார்.

அரசின் படிவங்களும் அப்படியே சொல்கின்றன. தொழிலாளர் கணக்கெடுப்பில் வீட்டு வேலை மட்டும் செய்பவருக்கு எண் 92. அதோடு வீட்டுத் தேவைக்கு விறகு பொறுக்குவது, துணி தைப்பது போன்றவற்றையும் செய்பவருக்கு எண் 93. இந்த இரண்டு எண்களில் விழுபவர்கள் ‘தொழிலாளர் படை’க்கு வெளியே போய்விடுகிறார்கள். நாட்டின் மொத்த உற்பத்திக் கணக்கிலும் இதே கதைதான். சமையலுக்கு ஆள் வைத்தால் அந்த ஆளின் சம்பளம் தேசத்தின் வருமானத்தில் சேரும். அதே சமையலை மனைவி செய்தால் சேராது. நியூசிலாந்தின் மர்லின் வேரிங் 1988-ல் ஒரு நூல் முழுக்க இந்த ஓரவஞ்சனையைத்தான் தோலுரித்தார். உலக நாடுகளின் கணக்கு முறை இன்றுவரை அடிப்படையில் மாறவில்லை.

[பெட்டிச் செய்தி]
எண்கள் சொல்வது

• மத்திய அரசின் 2019 நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, வீட்டு வேலையில் ஈடுபடும் பெண் அதற்காக ஒரு நாளில் செலவிடும் நேரம் சராசரியாக 299 நிமிடங்கள். ஆண் 97 நிமிடங்கள்.

• 2024 கணக்கெடுப்பில் பெண் 289 நிமிடங்கள், ஆண் 88 நிமிடங்கள். பெண்ணுக்கு 10 நிமிடம் குறைந்தது. ஆணுக்கும் 9 நிமிடம் குறைந்துவிட்டது.

• 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் வீட்டு வேலையே தங்கள் முதன்மைப் பணி என்று சொன்ன பெண்கள் ஏறத்தாழ 16 கோடி. அப்படிச் சொன்ன ஆண்கள் சுமார் 58 லட்சம்.

• பெண்களின் சம்பளமில்லா உழைப்பின் மதிப்பு சுமார் 22.7 லட்சம் கோடி ரூபாய், அதாவது நாட்டின் மொத்த உற்பத்தியில் 7.5 சதவீதம் என்று பாரத ஸ்டேட் வங்கியின் ஆய்வுப் பிரிவு 2023-ல் மதிப்பிட்டது.

மூன்றில் ஒரு பங்கு மனைவி

நீதிமன்றங்கள் இந்த உழைப்புக்கு விலை போடக் கற்றுக்கொண்ட கதை, ஒரு தீ விபத்திலிருந்து தொடங்குகிறது. 1989 மார்ச் 3 அன்று ஜாம்ஷெட்பூர் டாட்டா எஃகு ஆலையின் நிறுவனர் தின விழாவில் தீப்பிடித்து 60 பேர் இறந்தனர். இறந்தவர்களில் பலர் ஊழியர்களின் மனைவிகளும் குழந்தைகளும். இழப்பீட்டுக்காக ஒரு இல்லத்தரசியின் உழைப்பு ஆண்டுக்கு 12,000 ரூபாய் என்று முதலில் மதிப்பிடப்பட்டது. மாதம் ஆயிரம்! இது மிகக் குறைவு என்று சொன்ன உச்ச நீதிமன்றம், 2001-ல் அதை மாதம் 3,000 ரூபாயாக உயர்த்தியது.

இடையில் 1994-ல் மோட்டார் வாகனச் சட்டத்தில் ஓர் அட்டவணை சேர்க்கப்பட்டது. சம்பாதிக்காத மனைவி இறந்தால், அவரது வருமானத்தை உயிரோடு இருக்கும் கணவரின் வருமானத்தில் மூன்றில் ஒரு பங்காக வைத்துக்கொள்ளலாம் என்றது அது. அடுத்தடுத்த வீடுகளில் ஒரே மாதிரி பாடுபட்ட இரண்டு பெண்களை நினைத்துப் பாருங்கள். அதிகாரியின் மனைவிக்கு ஒரு மதிப்பு, கூலித் தொழிலாளியின் மனைவிக்கு வேறு மதிப்பு. அவள் எவ்வளவு உழைத்தாள் என்ற கேள்வியே அந்த அட்டவணையில் இல்லை. அவள் யாருடைய மனைவி என்பதே கேள்வி.

2010-ல் ஒரு விபத்து வழக்கை விசாரித்தபோது, உச்ச நீதிமன்ற நீதிபதி ஏ.கே. கங்குலி இன்னொரு கொடுமையைச் சுட்டிக்காட்டினார். 2001 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் சுமார் 36 கோடிப் பெண்கள் ‘வேலை செய்யாதவர்கள்’ என வகைப்படுத்தப்பட்டு, பிச்சை எடுப்பவர்களும் சிறைக்கைதிகளும் இருந்த அதே பிரிவில் வைக்கப்பட்டிருந்தார்கள். சட்டத்தைத் திருத்த நாடாளுமன்றம் முன்வர வேண்டும் என்று அந்தத் தீர்ப்பு வற்புறுத்தியது.

2021 ஜனவரியில் நீதிபதி என்.வி. ரமணா, வீட்டு வேலைக்கு மதிப்புப் போடுவது அரசியல் சட்டத்தின் சமத்துவக் கொள்கையோடு சேர்ந்தது என்று எழுதினார். 2024 பிப்ரவரியில் இன்னொரு வழக்கு வந்தது. உத்தராகண்டில் 2006-ல் விபத்தில் இறந்த ஒரு பெண்ணின் மதிப்பை, தினக்கூலிக்காரரின் வருமானத்தைவிடக் குறைவாக வைத்திருந்தார்கள். நீதிபதிகள் சூர்ய காந்த், கே.வி. விஸ்வநாதன் அமர்வு அதை ஏற்க மறுத்து, இழப்பீட்டை 6 லட்சம் ரூபாயாக உயர்த்தியது. 2024-ல்கூட இதை உச்ச நீதிமன்றம்தான் சொல்ல வேண்டியிருந்தது!

[பெட்டிச் செய்தி]
சென்னை காட்டிய மூன்று வழிகள்

இல்லத்தரசியின் உழைப்பை எப்படி அளப்பது? 2009-ல் சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி பிரபா ஸ்ரீதேவன் எழுதிய தீர்ப்பு மூன்று முறைகளை அலசியது. அடுத்த ஆண்டே உச்ச நீதிமன்றம் அதை மேற்கோள் காட்டியது.

1. வாய்ப்பு இழப்பு: வீட்டில் இருக்காமல் வேலைக்குப் போயிருந்தால் அவர் எவ்வளவு சம்பாதித்திருப்பார்?

2. கூட்டாளி முறை: திருமணம் இரண்டு சம பங்காளிகளின் கூட்டு. எனவே கணவரின் சம்பளத்தில் பாதி மனைவியுடையது.

3. மாற்றாள் முறை: அவர் செய்த வேலைகளுக்கெல்லாம் ஆள் வைத்தால் எவ்வளவு கொடுக்க வேண்டியிருக்கும்?

முதல் முறையில், படித்தவர் சமைத்த சோறு படிக்காதவர் சமைத்ததைவிட விலை கூடியதாகிவிடும். மூன்றாவதில், வேலைகளை ஒருங்கிணைக்கும் அந்தத் தலைக்குள் ஓடும் கணக்கு விடுபட்டுப் போகும். பெண்ணைச் சரிசமமாக நிற்கவைப்பது இரண்டாவது முறைதான்.

உயிரோடு இருக்கும்போதே ஒரு தீர்ப்பு

இந்தத் தீர்ப்புகள் எல்லாவற்றிலும் பெண் இறந்துவிட்டாள். 2023 ஜூனில் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி கிருஷ்ணன் ராமசாமி அளித்த தீர்ப்பு தனித்து நிற்பதற்குக் காரணம், அது உயிரோடு இருந்த பெண்ணின் உரிமையைப் பேசியது.

1965-ல் மணமான தம்பதி அவர்கள். கணவர் 1983-ல் சவூதி அரேபியாவுக்கு வேலைக்குப் போய், 1994-ல் திரும்பினார். அங்கிருந்து அவர் அனுப்பிய பணத்தில் இங்கே சொத்துகள் வாங்கப்பட்டன. இடைப்பட்ட 11 ஆண்டுகளும் பிள்ளைகளையும் வீட்டையும் பார்த்துக்கொண்டவர் மனைவி. ஊர் திரும்பிய கணவர், சொத்தெல்லாம் தன் பணத்தில் வாங்கியது, மனைவிக்கு அதில் உரிமை இல்லை என்று வழக்குப் போட்டார். வழக்கு முடிவதற்குள் அவர் இறந்துவிட, பிள்ளைகள் அதைத் தொடர்ந்து நடத்தினார்கள்.

மனைவி வீட்டைப் பார்த்துக்கொண்டதால்தான் கணவரால் வெளிநாட்டில் நிம்மதியாகச் சம்பாதிக்க முடிந்தது என்றது தீர்ப்பு. விடுமுறையே இல்லாமல் நாள் முழுக்க நடக்கும் அவள் வேலை, நாளுக்கு 8 மணி நேரம் உழைக்கும் கணவரின் வேலைக்குக் குறைந்ததல்ல என்றும் சொன்னது. இருவரும் சேர்ந்து உழைத்துச் சேர்த்ததில் மனைவிக்குப் பாதிப் பங்கு உண்டு என்று முடித்தது. இந்தப் பங்களிப்பை நேரடியாக அங்கீகரிக்கும் சட்டம் எதுவும் இல்லை என்பதை நீதிபதி மறைக்கவில்லை. அங்கீகரிக்கக் கூடாது என்று தடுக்கும் சட்டமும் இல்லையே என்பதுதான் அவர் வாதம்.

வளைகுடாவுக்கும் சிங்கப்பூருக்கும் ஆட்களை அனுப்பிய எத்தனையோ தமிழ் ஊர்கள் இப்படித்தான் எழுந்து நிற்கின்றன. அங்கே நிற்கும் ஒவ்வொரு மாடி வீட்டிலும் இரண்டு பேரின் உழைப்பு இருக்கிறது. பத்திரத்தில் மட்டும் பல நேரம் ஒரே பெயர்.

கணக்கில் வராததன் விலை

இது வெறும் மரியாதைப் பிரச்னை என்று நினைத்தால் அது தவறு. கணக்கில் வராத உழைப்புக்குப் பெண்கள் தங்கள் வாழ்க்கையையே விலையாகக் கொடுக்கிறார்கள்.

மணமுறிவு வரும்போது அந்த விலை முதலில் தெரிகிறது. விவாகரத்தானால், மணவாழ்க்கையில் சேர்ந்த சொத்தை இருவருக்கும் பங்கிட வேண்டும் என்று நாடு முழுமைக்குமான சட்டம் நம்மிடம் இல்லை. மனைவி கேட்கக்கூடியது ஜீவனாம்சம். 20 வருடம் குடும்பத்தைச் சுமந்தவர், பங்குதாரராக அல்ல, ஆதரவு கேட்பவராக நீதிமன்றப் படி ஏற வேண்டியிருக்கிறது. கணவரின் சொத்தில் மனைவிக்குப் பங்கு தரும் திருத்த மசோதா 2013 ஆகஸ்டில் மாநிலங்களவையில் நிறைவேறியது. மக்களவை கலைந்ததும் அது காலாவதியானது.

கணவர் இறந்தாலும் நிலைமை உறுதியில்லை. உயில் இல்லாவிட்டால், இந்து வாரிசுரிமைச் சட்டப்படி பிள்ளைகளோடும் மாமியாரோடும் சேர்ந்து மனைவிக்கும் ஒரு பங்கு வரும். ஆனால், சுயமாகச் சம்பாதித்த சொத்தை யாருக்கு வேண்டுமானாலும் உயில் எழுத கணவருக்கு உரிமை உண்டு. மனைவியின் வளையலையும் ஆரத்தையும் அடகு வைத்து அஸ்திவாரம் போட்ட வீடாக இருந்தாலும், பத்திரம் கணவர் பெயரில் இருந்தால் அது அவர் சொத்து.

முதுமையில் இன்னும் கடினம். வீட்டில் உழைத்த 40 வருடத்துக்கு பி.எஃப் இல்லை, பென்ஷன் இல்லை. “பெரியவன் வீட்டில் ஆறு மாசம், சின்னவன் வீட்டில் ஆறு மாசம்” என்று பையைத் தூக்கிக்கொண்டு அலையும் அம்மாக்களை நம் எல்லோருக்கும் தெரியும். அவர்கள் பெயரில் ஒரு சென்ட் நிலமோ, ஒரு வைப்புத்தொகையோ இருந்திருந்தால் அந்த வீடுகளில் பேச்சு வேறு மாதிரி இருந்திருக்கும்.

வேலைக்குப் போகும் பெண்ணையும் இது விடுவதில்லை. இந்தியத் தொழிற்சாலைகளில் வேலை செய்யும் பெண்களில் நூற்றுக்கு 40 பேருக்கும் மேல் தமிழ்நாட்டில் இருக்கிறார்கள். திருப்பூரிலோ ஸ்ரீபெரும்புதூரிலோ ஷிஃப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸில் இறங்கும் பெண்ணுக்கு, வீட்டில் அடுத்த ஷிஃப்ட் காத்திருக்கிறது. குழந்தைக்கு உடம்பு சரியில்லை என்றால் லீவு போடுவது யார் என்று எந்த வீட்டிலும் விவாதமே நடப்பதில்லை. பதவி உயர்வு தள்ளிப்போகிறது, கடைசியில் வேலையே போகிறது. அவள் ‘விட்டுக்கொடுத்தாள்’ என்று குடும்பம் பெருமையோடு சொல்கிறது. அந்த இழப்பை ஈடுகட்ட ஒருவரும் இல்லை.

ஆயிரம் ரூபாய் சொன்ன சேதி

‘மனைவிக்குச் சம்பளம்’ என்ற பேச்சு 2012-லேயே டெல்லியில் எழுந்தது. அப்போதைய மத்திய அமைச்சர் கிருஷ்ணா தீரத் அந்த யோசனையை முன்வைத்தபோது கேலிதான் அதிகம் கிளம்பியது. 2021 தேர்தலில் தமிழ்நாட்டில் அது கேலிப் பொருளாக இல்லை. இல்லத்தரசிகளுக்கு ஊதியம் என்றது மக்கள் நீதி மய்யம், தி.மு.க. மாதம் 1,000 ரூபாய், அ.தி.மு.க. 1,500 ரூபாய் என்று வாக்குறுதி தந்தன. அண்ணா பிறந்த நாளான 2023 செப்டம்பர் 15 அன்று, காஞ்சிபுரத்தில் கலைஞர் மகளிர் உரிமைத் தொகைத் திட்டம் தொடங்கியது. முதல் கட்டத்தில் ஒரு கோடியே ஆறு லட்சத்துக்கும் அதிகமான பெண்களின் வங்கிக் கணக்கில் பணம் ஏறியது.

பணம் கணவர் கைக்குப் போகாமல் பெண்ணின் கணக்குக்கே நேராக வருவதும், அதை அவள் உழைப்புக்கான அங்கீகாரம் என்று அரசே அறிவித்ததும் பெரிய விஷயங்கள். ஆனால் ஆண்டு வருமானம், நிலத்தின் அளவு, மின்சார யூனிட் என்று தகுதி பார்த்தே இந்தத் தொகை வழங்கப்பட்டது. ஏழைக் குடும்பங்களுக்கு முன்னுரிமை தருவது நியாயமே. அதேசமயம், வசதியான வீட்டில் கணவரிடம் பஸ் காசுக்கும் கைநீட்டும் பெண்ணின் உழைப்பு இன்னும் கணக்குக்கு வெளியேதான் நிற்கிறது. அரசு தரும் தொகை ஒரு தொடக்கம். வீட்டுக்குள் இருக்கும் சொத்தில் பங்கு என்பதே முழு நியாயம்.

அன்புக்கு விலை பேசலாமா?

இதற்கு வரும் முதல் எதிர்ப்பு இதுதான். தாய் ஊட்டும் சோற்றுக்குக் கணக்கு எழுதினால் பாசம் வியாபாரமாகிவிடாதா? இந்தக் கேள்வியை நல்ல மனதோடு கேட்பவர்கள் உண்டு. அவர்களுக்குப் பதில் சொல்ல வேண்டும். மாதச் சம்பளம் வாங்கும் அப்பாவின் பாசத்தை நாம் யாரும் குறைத்து மதிப்பிடுவதில்லை. தான் உழைத்ததற்குப் பணம் வந்ததால் அவர் பிள்ளைகளை நேசிப்பது குறைந்துவிடவில்லை. அம்மாவின் விஷயத்தில் மட்டும் பாசமும் பணமும் சேரக் கூடாது என்பது, அவரை வெறுங்கையோடு வைத்திருக்கவே உதவுகிறது.

இரண்டாவது எதிர்ப்பு பெண்ணியவாதிகளிடமிருந்தே வருகிறது. வீட்டு வேலைக்குக் காசு கொடுத்தால், ‘அதுதான் வாங்குகிறாயே’ என்று பெண்ணை அடுப்படியிலேயே நிறுத்திவிட மாட்டார்களா? இந்த அச்சம் நியாயமானது. அதனால்தான் மாதக் கூலியைவிடச் சொத்துரிமை வலுவான வழி. கூலி வேலைக்காரியாக்கும், பங்கு உரிமைக்காரியாக்கும். ஆண் தன் 88 நிமிடங்களை உயர்த்துவதும் கூடவே நடந்தாக வேண்டும்.

[பெட்டிச் செய்தி]
சட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டாம்

• வீடு, மனை வாங்கும்போது பத்திரத்தில் இருவர் பெயரும் இருக்கட்டும். பெண்கள் பெயரில் பதிவாகும் 10 லட்சம் ரூபாய் வரையிலான சொத்துகளுக்குப் பதிவுக் கட்டணத்தில் 1 சதவீதம் குறைப்பை 2025 ஏப்ரல் முதல் தமிழ்நாடு அறிவித்தது.

• இணைக் கணக்கு தொடங்குங்கள், ஏ.டி.எம். கார்டு மனைவி கையிலும் இருக்கட்டும். 2024 ஜூலையில் ஜீவனாம்சத் தீர்ப்பு ஒன்றில் உச்ச நீதிமன்ற நீதிபதி பி.வி. நாகரத்னா கணவர்களுக்குச் சொன்ன அறிவுரை இது.

• நகையை அடகு வைத்து வாங்கிய எதற்கும் ரசீதுகளைப் பத்திரப்படுத்துங்கள். யார் நகை என்பது அதில் எழுதப்பட்டிருக்கட்டும்.

• மகனுக்கும் மாவு ஆட்டவும், பாத்திரம் கழுவவும், தாத்தாவுக்கு மாத்திரை எடுத்துக் கொடுக்கவும் கற்றுக்கொடுங்கள்.

தமிழ்நாடு முந்திக்கொள்ளலாம்

அடுத்த மக்கள்தொகைக் கணக்கெடுப்பு 2027-க்கு அறிவிக்கப்பட்டிருக்கிறது. வீட்டு வேலை செய்யும் கோடிக்கணக்கான பெண்களை இந்த முறையாவது உழைப்பவர்கள் என்ற மதிப்போடு பதிவுசெய்ய வேண்டும். நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில் கிடைக்கும் நிமிடங்களை ரூபாயாக மாற்றி, தேசிய வருமானத்தோடு ஒரு துணைக் கணக்காக ஆண்டுதோறும் வெளியிட வேண்டும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, மணவாழ்க்கையில் சேர்ந்த சொத்தில் மனைவிக்குப் பாதி என்று ஒரு சட்டம் வேண்டும். நடைமுறைக்கு ஒத்துவராது என்று சொல்பவர்கள் கோவாவைப் பார்க்கலாம். போர்த்துக்கீசியர் காலத்துச் சிவில் சட்டத்தின் வழியில், அங்கே திருமணத்துக்கு முன் வேறு ஒப்பந்தம் செய்துகொள்ளாத தம்பதிக்குச் சொத்து பொதுவானது, ஆளுக்குப் பாதி. அதனால் அங்கே குடும்பங்கள் சிதைந்துவிடவில்லை.

டெல்லி செய்யட்டும் என்று தமிழ்நாடு காத்திருக்கவும் தேவையில்லை. பெண்ணுக்குச் சொத்தில் சம உரிமை வேண்டும் என்று 1929-லேயே செங்கல்பட்டு சுயமரியாதை மாநாட்டில் தீர்மானம் போட்ட மண் இது. பூர்விகச் சொத்தில் மகள்களுக்குச் சம பங்கு தரும் திருத்தத்தை 1989-ல் கொண்டுவந்தோம். மத்திய அரசு அதற்கு வந்து சேர 2005 ஆனது. திருமணமும் வாரிசுரிமையும் பொதுப் பட்டியலில் இருப்பதால்தான் அன்று அது சாத்தியமானது. அதே வழி இன்றும் திறந்திருக்கிறது. மகளுக்கு 16 ஆண்டுகள் முந்திக்கொண்ட சட்டமன்றம், மனைவிக்காகவும் ஒரு மசோதாவை எடுக்கட்டும். ஓட்டுக் கேட்டு வாசலுக்கு வரும் ஒவ்வொரு கட்சியிடமும், “மணவாழ்க்கையில் சேர்ந்த சொத்தில் எனக்குப் பாதி என்று எப்போது எழுதப் போகிறீர்கள்?” என்று நம் பெண்கள் கேட்க வேண்டும். பதில் வரும்வரை விடாமல் கேட்க வேண்டும்.